நெல்லியாளத்து பேனரில் என் படம்

1. ஒரு போட்டோ

“மேடம், ஸ்கிரீன்ல ஒரு போட்டோ காட்டுறேன். அதுல இருக்கறது நீங்கதானான்னு மட்டும் சொல்லுங்க.”

காலையில் வந்த வீடியோ காலில் பிரவீன் எடுத்த எடுப்பில் சொன்னது இதுதான். வழக்கமாக, “குன்னூர்ல குளிர் எப்படி மேடம்?” என்று ஆரம்பிப்பவர். நான் பாடம் நடத்திக்கொண்டிருந்த ஆன்லைன் டியூஷன் கம்பெனியில் அவர் எங்கள் கோ-ஆர்டினேட்டர். சென்னை ஆபீஸில் உட்கார்ந்துகொண்டு எங்களைப் போன்ற டியூட்டர்களின் கிளாஸ், ரேட்டிங், லீவு எல்லாவற்றையும் பார்த்துக்கொள்பவர். அன்று அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. ஸ்கிரீனின் மூலையில் சிவப்பாக ஒரு புள்ளி. பேசுவது ரெக்கார்ட் ஆகிறது என்று அர்த்தம்.

போட்டோ வந்தது. ஒரு செல்போன் ரீசார்ஜ் கடை. ஷட்டருக்கு மேலே மஞ்சள் நிறத்தில் ஒரு ஃபிளெக்ஸ் பேனர். ‘பத்தாம் வகுப்பு கணிதம். குன்னூர் சுமதி டீச்சர் அவர்களின் நேரடி வகுப்பு. சில இடங்களே உள்ளன.’ எழுத்துக்குப் பக்கத்தில் என் படம். பாடம் நடத்தும்போது ஸ்கிரீனிலிருந்து யாரோ பிடித்தது. வாய் பாதி திறந்து, கண் பாதி மூடி, தும்மப் போகிறவள் மாதிரி இருந்தேன். அடியில் ஒரு செல் நம்பர்.

“நான்தான்,” என்றேன். வேறென்ன சொல்வது?

“இது நெல்லியாளத்துல இருக்கற கடை மேடம். எங்களுக்கு ஒருத்தர் அனுப்பினாரு. யாருன்னு சொல்ல முடியாது.”

“நான் நெல்லியாளத்துக்குப் போனதே இல்லைங்க பிரவீன்.”

“உங்க ஸ்டூடண்ட் பவித்ராவோட லாகின் அந்தப் பக்கத்துலேருந்துதான் வருது. ப்ரொஃபைல்ல கோயம்புத்தூர்னு போட்டிருக்கு. உங்களுக்குத் தெரியாதா?”

“தெரியாதுங்க.”

“ஒன்-டு-ஒன் ஸ்லாட்ல நீங்க குரூப் கிளாஸ் எடுத்துத் தனியா ஃபீஸ் வாங்குறீங்கன்னு கம்ப்ளெயின்ட். குன்னூரும் நெல்லியாளமும் ஒரே மாவட்டம். எங்க எடத்துல நீங்க இருந்தா என்ன நினைப்பீங்க மேடம்?”

நான் என்ன நினைப்பேன் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அவர் நினைத்ததையேதான் நானும் நினைத்திருப்பேன்.

அன்று மதியமே என் அக்கவுண்டை ஹோல்டில் வைத்துவிட்டார்கள். விசாரணை முடியும்வரை என்னிடம் படித்த பிள்ளைகள் எல்லாரும் வேறு டியூட்டர்களிடம் போவார்கள். பொதுத்தேர்வு நெருங்கிக்கொண்டிருந்த நேரம் அது. இந்த நேரத்தில் போகிற பிள்ளை திரும்பி வராது.

ஆன்லைனில் பாடம் நடத்துவதையே தொழிலாக எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்கிற இளம் ஆசிரியர்களிடம் நான் மைக், டேப்லெட், நெட் கனெக்‌ஷன் பற்றியெல்லாம் பிறகுதான் பேசுவேன். முதலில் இதைத்தான் சொல்வேன்.

2. ஒரு பிள்ளைக்கு இத்தனை விதத் தப்பா

நான் குன்னூரில் ஒரு தனியார் பள்ளியில் நெடுங்காலம் கணக்கு டீச்சர். பிள்ளைகள் குறைந்து, மூன்று செக்‌ஷன் ஒன்றானது. ஒரு செக்‌ஷனுக்கு இரண்டு கணக்கு டீச்சர் எதற்கு என்று நிர்வாகம் கேட்டது. இளையவளை வைத்துக்கொண்டு என்னை அனுப்பினார்கள். அப்படித்தான் இந்தத் தொழிலுக்கு வந்தேன். வீட்டில் பின்னறையைக் காலி செய்து, சுவரில் ஒரு வெள்ளைத் துணி கட்டி, ஹீட்டரைக் காலடியில் வைத்துக்கொண்டு பாடம் நடத்தினேன்.

வகுப்பறைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால், சந்தேகம் என்றுதான் சொல்வேன். வகுப்பறையில் சந்தேகம் என்றால் பாடத்தில் வருவது. இங்கே எல்லாருக்கும் எல்லார் மேலும் சந்தேகம். டீச்சர் புத்தகத்தைப் பார்த்துப் படிக்கிறாளா என்று பெற்றோருக்கு. பையன் கிளாஸை ஓட விட்டுவிட்டு கேம் விளையாடுகிறானா என்று டீச்சருக்கு. இருவரும் கம்பெனியைத் தாண்டித் தனியாகப் பேசிக்கொள்கிறார்களா என்று ஆபீஸுக்கு. ஒவ்வொரு கிளாஸும் ரெக்கார்ட் ஆகும். அதை யார் பார்க்கிறார்கள், எப்போது பார்க்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது.

பவித்ரா எனக்கு வந்தது காலாண்டுத் தேர்வு முடிந்த பிறகு. பத்தாம் வகுப்பு, ஸ்டேட் போர்டு. கேமரா என்றைக்கும் ஆஃப். கேட்டால், “ரிப்பேருங்க மிஸ்,” என்பாள். குரல் தெளிவாக, மரியாதையாக இருக்கும். ஆனால் கேள்வி கேட்டால் உடனே பதில் வராது. மைக்கை மியூட்டில் போட்டுவிடுவாள். கொஞ்ச நேரம் கழித்து அன்மியூட் ஆகும், பதில் வரும். யாரையோ கேட்டுச் சொல்கிறாள் என்று முதல் வாரமே தோன்றியது. அண்ணனாக இருக்கலாம், செல்போன் ஆப்பாக இருக்கலாம். இப்போதெல்லாம் கணக்கைப் போட்டோ எடுத்தால் விடை வந்துவிடுகிறதே.

ஆனால் ஆப் தப்பாகச் சொல்லாது. பவித்ரா தப்பாகத்தான் சொன்னாள். அதுதான் என்னைக் குழப்பியது.

கணக்கு டீச்சர்களுக்கு ஒன்று தெரியும். ஒரு பிள்ளை எப்போதும் ஒரே மாதிரிதான் தப்பு பண்ணும். மைனஸை விடுகிறவன் வருஷம் முழுக்க மைனஸைத்தான் விடுவான். சைன் எழுத வேண்டிய இடத்தில் காஸ் எழுதுகிறவளுக்கு மைனஸ் ஒருநாளும் தவறாது. பெயரை மறைத்துவிட்டு விடைத்தாளைக் கொடுத்தாலும் இது யாருடையது என்று சொல்லிவிடலாம். பவித்ராவின் தப்புகளோ நாளுக்கு ஒரு விதம். திங்களன்று மைனஸை விட்டவள் செவ்வாயன்று அதைக் கச்சிதமாகப் போட்டுவிட்டு, பெருக்கலில் கோட்டை விட்டாள்; புதனன்று சைனுக்குப் பதில் காஸ் சொன்னாள். நேற்று எனக்குச் சொல்லிக்கொடுக்கும் அளவுக்குத் தெரிந்திருந்த வடிவியல் இன்று அவளுக்குச் சுத்தமாகத் தெரியவில்லை.

பிறகு ஒருநாள், “எழுதிக்கிட்டியா?” என்று கேட்டேன்.

“எழுதிக்கிட்டோம் மிஸ்.”

“க்கிட்டோமா? உன்கூட யாரு இருக்கா?”

மைக் மியூட் ஆனது. திரும்ப வந்தபோது, “யாருமில்லைங்க மிஸ். வாய் தவறிருச்சு,” என்றாள்.

அன்றிலிருந்து நான் பாடம் நடத்திய நேரத்தில் பாதி, காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பின்னால் ஒரு தடவை எஸ்டேட் ஃபேக்டரி சங்கு ஊதியது. கோயம்புத்தூரில் ஏது தேயிலை ஃபேக்டரி? இன்னொரு நாள், “மிஸ், இன்னைக்குச் சீக்கிரம் முடிச்சுக்கலாங்களா? ஆனை லயத்துப் பக்கம் வந்திருக்காம்,” என்றாள். லயம் என்பது எஸ்டேட் தொழிலாளர் குடியிருப்பு. சொன்ன உடனே மைக் மியூட் ஆனது. நானும் கேட்டுக்கொள்ளாதவள் மாதிரி இருந்தேன்.

நிகழ்தகவு பாடம் வந்தது. அதில் ஒரு கண்ணி வைத்தேன்.

“பவித்ரா, ஒரு ரூபா காச எடு. இருபது தடவ சுண்டு. எத்தன தலை விழுதுன்னு சொல்லு. மைக்க மட்டும் மியூட் பண்ணாத, எனக்குச் சத்தம் கேக்கணும்.”

ஒருத்தி இருபது தடவை சுண்டி, பிடித்து, எண்ணிச் சொல்ல வேண்டுமானால் ஒரு நிமிஷத்துக்கு மேல் ஆகும். எனக்குக் கேட்டது சிமென்ட் தரையில் காசுகள் ஒரே நேரத்தில் மழை மாதிரிக் கொட்டுகிற சத்தம். ஒரு காசு எங்கேயோ உருண்டு போனது. யாரோ அதன் பின்னால் ஓடுகிற காலடி. அடக்க முடியாத ஒரு சிரிப்பு.

“பதினோரு தலைங்க மிஸ்,” என்றாள் பவித்ரா.

“அங்க எத்தன பேரு இருக்கீங்க?”

கால் கட் ஆனது.

அன்று மாலை பிரவீனுக்கு மெயில் எழுத உட்கார்ந்தேன். என்னவென்று எழுதுவது? காசு சத்தம் கேட்டது என்றா? நாளை அவளிடம் இன்னொரு தடவை கேட்டுவிட்டு எழுதலாம் என்று மூடி வைத்தேன். மறுநாள் காலையில் வந்ததுதான் அந்த போட்டோ.

3. சுமதி டீச்சரா, நல்லாத் தெரியுங்க

பேனரில் இருந்த செல் நம்பரைக் குறித்து வைத்திருந்தேன். என் வீட்டுக்காரர் முருகேசன் ஹார்டுவேர் கடையில் வேலை பார்ப்பவர். எதையும் இரண்டு தடவை இழுத்துப் பார்த்துத்தான் நம்புவார். “நீ யாருன்னு சொல்லாம பேசு,” என்றார்.

கூப்பிட்டேன். ஓர் ஆண் குரல். “செல்வராஜ் மொபைல்ஸ், சொல்லுங்க.”

“ஏனுங்க, டியூஷன் போர்டு பாத்தேன். பொண்ணு பத்தாவது படிக்கறா. அந்த டீச்சர் நல்லாச் சொல்லித் தருவாங்களா?”

“யாரு, சுமதி டீச்சரா? சூப்பராச் சொல்லித் தருவாங்கக்கா. எனக்கு நல்லாத் தெரிஞ்சவங்க. நம்ம சொந்தக்காரங்க மாதிரி.”

“எப்பச் சேக்கலாங்க?”

“டீச்சருக்கு ரெண்டு நாளா காய்ச்சலுங்கக்கா. பேச முடியாமப் படுத்திருக்காங்க. திங்கக்கிழமை வந்துருவாங்க.”

“காய்ச்சல் எல்லாம் ஒண்ணும் இல்லீங்க. நான்தான் சுமதி டீச்சர் பேசறேன்.”

கட் செய்துவிட்டானோ என்று போனைப் பார்த்தேன். இல்லை, மூச்சு கேட்டது.

“மிஸ்,” என்றான் கடைசியில். குரல் இறங்கிவிட்டது. “போலீசுக்குப் போயிறாதீங்க மிஸ். எம் பொண்ணுதான் பவித்ரா.”

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றேன். நான் வந்ததும் அவனே என் கம்பெனியிடம் வீடியோ காலில் பேச வேண்டும் என்றேன். சரி என்றான். அவன் சரி என்றதை நான் நம்பவில்லை. நாங்கள் போய்ச் சேரும்போது கடை பூட்டியிருக்கும் என்றுதான் நினைத்தேன்.

4. ஞாயிற்றுக்கிழமை

காலை முதல் பஸ்ஸில் ஊட்டி. அங்கிருந்து கூடலூர் பஸ். நடுவட்டம் தாண்டி இறங்க இறங்க ஸ்வெட்டர் கனத்தது. கூடலூரில் பஸ் மாறினோம். பக்கத்து சீட்டில் இரண்டு பேர் மலையாளமும் தமிழும் கலந்து மிளகு விலை பேசிக்கொண்டு வந்தார்கள். முருகேசன் வழி நெடுக ஒரே கேள்வியைத்தான் கேட்டார்.

“அவன் பேச மாட்டேன்னுட்டா என்ன பண்ணுவ?”

“தெரியலைங்க.”

“போர்டு முன்னாடி நம்மள நிக்க வெச்சு இன்னொரு போட்டோ எடுத்து அனுப்பிட்டா?”

அதை நான் யோசிக்கவில்லை. அதற்குப் பிறகு வழி முழுக்க அதைத்தான் யோசித்தேன்.

கடை திறந்திருந்தது. பேனரை இறக்கியிருந்தார்கள். கயிறு மட்டும் தொங்கியது. செல்வராஜுக்கு நாற்பது வயது இருக்கும். தாத்தா காலத்தில் சிலோன் தோட்டத்திலிருந்து இங்கே குடியமர்த்தப்பட்ட குடும்பம். என்னைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டான். முருகேசன் பதிலுக்குக் கும்பிடவில்லை, அண்ணாந்து அந்தக் கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

லயத்தை ஒட்டி ஒரு சமுதாயக் கூடம். அங்கே அழைத்துப் போனான். சுவரில் ஒரு பழைய டிவி, அதிலிருந்து ஒரு வயர் அவனுடைய லேப்டாப்புக்கு. தரையில் பாய். பிள்ளைகள் எல்லாரும் எழுந்து நின்று, “குட் மார்னிங் மிஸ்,” என்றார்கள். அத்தனை குரலும் எனக்குப் புதிது. ஒரு குரல் மட்டும் தெரிந்தது. முன்வரிசையில் ஒல்லியாக, இரட்டைச் சடையோடு நின்றவள். “நீதான் பவித்ராவா?” என்றேன். தலையை ஆட்டினாள், கண்ணை நிமிர்த்தவில்லை.

கோபமாகத்தான் போயிருந்தேன். ஆனாலும் வாய் தன்னால் கேட்டுவிட்டது. “மைனஸ விடறது யாரு?”

பின்வரிசையில் ஒரு பையன் கூச்சத்தோடு கையைத் தூக்கினான். எல்லாரும் சிரித்தார்கள்.

“சைனுக்குப் பதிலா காஸ்?”

இரண்டு பெண்கள். இரண்டு பேரா! ஒருத்தி என்றே நினைத்திருந்தேன்.

அதற்குள் பெற்றோர்கள் வந்துவிட்டார்கள். ஞாயிறு என்பதால் கொழுந்து பறிக்கிற வேலை இல்லை. வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். அவர்கள் என்னைப் பார்த்த பார்வை டீச்சரைப் பார்க்கிற பார்வை இல்லை. முன்னால் நின்ற ஒரு அம்மாள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு என்னை நேராகக் கேட்டார். பெயர் பாக்கியம் என்று பிறகு தெரிந்தது. மைனஸை விடுகிற தினேஷின் தாய்.

“காய்ச்சல்னு சொன்னாங்க. நல்லாத்தான இருக்கீங்க?”

“எனக்குக் காய்ச்சல் இல்லீங்கம்மா.”

“அப்ப ஏன் கிளாஸ் நின்னுச்சு? காசு வாங்கிட்டு ஓடிட்டீங்கன்னுதான் நாங்க பேசிக்கிட்டோம். மறைச்சு என்னா ஆவப் போவுது, மூஞ்சிக்கு நேராவே சொல்லிட்டேன்.”

“உங்க காசு எனக்கு வரலைங்கம்மா. எங்கிட்ட இத்தன பிள்ளைங்க படிக்கறாங்கன்னே எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிஞ்சது பவித்ரா ஒருத்திதான்.”

வாசலில் நின்றவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் செல்வராஜைப் பார்த்தார்கள். அவன் டிவி வயரைச் சரி செய்கிற மாதிரிக் குனிந்துகொண்டான்.

“என்னா செல்வராசு,” என்றார் பாக்கியம். “டீச்சர நீதான் பேசி முடிச்சேன்னு சொன்ன?”

“பேசித்தாங்க முடிச்சேன். டீச்சர்கிட்ட இல்ல, கம்பெனிகிட்ட.” அவன் நிமிர்ந்தான். “எல்லாருங்கிட்ட வாங்குனத ஒண்ணாப் போட்டுத்தான் கம்பெனிக்குக் கட்டுனேன். நெட்டு, கரண்டு போக எனக்கும் கொஞ்சம் நின்னுச்சு. இல்லைன்னு சொல்லல. ஆனா ஏமாத்தல.”

“டீச்சர் படத்த அவங்களக் கேக்காமப் போர்டுல போட்டது?” என்று முருகேசன் கேட்டார்.

“அது தப்புதாங்க. அது நானாப் பண்ணுனது.”

எது தானாகச் செய்தது, எது தானாகச் செய்யாதது என்று அவன் பிரித்துச் சொன்னதை நான் அப்போது கவனிக்கவில்லை.

5. சிவப்புப் புள்ளி

செல்வராஜின் லேப்டாப்பிலிருந்து பிரவீனுக்கு வீடியோ கால் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை எடுக்க மாட்டார் என்று பயந்தேன். எடுத்தார். எடுத்ததும் முகம் மாறியது.

“மேடம், இப்ப எங்க இருக்கீங்க?”

“நெல்லியாளத்துல.”

“போனதே இல்லைன்னு சொன்னீங்க?”

“அன்னைக்கு வரைக்கும் போனதில்லைங்க. இப்பத்தான் வந்தேன்.”

“பின்னாடி பசங்க எல்லாம் உக்காந்திருக்காங்களே. கிளாஸ் நடக்குதா?”

நான் வந்ததே என் மேல் சந்தேகம் இல்லாமல் ஆக்கத்தான். என் முதுகுக்குப் பின்னால் பாயில் வரிசையாக உட்கார்ந்திருந்த பிள்ளைகளைப் பார்த்தால் யாருக்கும் வேறு மாதிரித்தான் தோன்றும். ஸ்கிரீன் மூலையில் சிவப்புப் புள்ளி வந்துவிட்டது.

“இது ரெக்கார்ட் ஆகுது மேடம். யோசிச்சுப் பேசுங்க.”

“ஆகட்டுங்க. நான் பேசல. இவரு பேசுவாரு,” என்று லேப்டாப்பைச் செல்வராஜ் பக்கம் திருப்பினேன்.

அவன் உதட்டை நனைத்துக்கொண்டான். என்னைப் பார்த்து மெதுவாக, “கேஸ் போட்டுருவாங்களா மிஸ்?” என்றான். போட மாட்டார்கள் என்று பொய் சொல்ல மனம் வரவில்லை. “நீங்க பேசலைன்னா என் பொழப்பு போயிரும் செல்வராஜ். பேசுனா உங்களுக்கு என்ன ஆகும்னு எனக்குத் தெரியாது,” என்றேன். பவித்ரா அப்பாவின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

“சார்,” என்று ஆரம்பித்தான். “டீச்சருக்கு ஒண்ணும் தெரியாதுங்க. ஐடி எம் பொண்ணு பேருல நான் வாங்குனது. புள்ளைங்க எல்லாத்தையும் உக்கார வெச்சது நானு. போர்டும் நான் வெச்சதுதான்.”

“ஒன்-டு-ஒன் கிளாஸ்ல வேற யாரும் உக்காரக் கூடாதுன்னு கண்டிஷன் இருக்கு. படிச்சுப் பாத்துத்தானே ஓகே குடுத்தீங்க?”

“நான் மொதல்ல கேட்டதே குரூப் கிளாஸுதாங்க சார். உங்க சேல்ஸ் தம்பிதான், குரூப்புன்னா ஒவ்வொரு புள்ளைக்கும் தனி போனு வேணும், தனி ஐடி வேணும்னாரு. லயத்துல அத்தன போனுக்கு எங்க போறது? சரி, வேண்டாங்கன்னு வெச்சுட்டேன். அவரே திரும்பக் கூப்பிட்டாரு. ‘அண்ணே, ஒரு ஐடி போதும். கேமராவ ஆஃப் பண்ணி வெச்சுக்கங்க, யாரு பாக்கப் போறா’ன்னாரு. ஊரு கேட்டாங்கன்னா கோயம்புத்தூர்னு போட்டுக்கறேன்னதும் அவருதாங்க.”

பிரவீன் ஸ்கிரீனுக்குக் கிட்டத்தில் வந்தார். “எந்த சேல்ஸ் ஆளு? பேரு ஞாபகம் இருக்கா?”

செல்வராஜ் ஒரு பெயர் சொன்னான்.

அந்தப் பெயரைக் கேட்டதும் பிரவீனின் கண் ஒரு நொடி வேறெங்கோ போனது. அதற்கு முன்னால் கேட்காத பெயராக இருந்தால் கண் அப்படிப் போகாது.

“மேடம், ஒரு நிமிஷம். ரெக்கார்டிங்க நிறுத்திக்கறேன்.”

சிவப்புப் புள்ளி மறைந்தது.

என்னுடைய எல்லாக் கிளாஸையும், நான் தண்ணீர் குடித்ததையும் இருமியதையும்கூட ரெக்கார்ட் செய்த கம்பெனி அது. அன்றைக்கு வரை அந்தப் புள்ளி யாருக்காகவும் அணைந்து நான் பார்த்ததில்லை. அது அணைந்ததும், என்னிடம் இருந்த பயத்தில் கொஞ்சம் அந்தப் பக்கம் போய்விட்டது என்று புரிந்தது.

“எதுக்குங்க நிறுத்தறீங்க?” என்று கேட்டேன். “நான் பேசறப்ப ஓடுனது, இவரு பேசறப்பவும் ஓடட்டும்.”

“இல்ல மேடம், இது இன்டர்னல் விஷயம். நான் மேல பேசிட்டுச் சொல்றேன்.”

“சொல்லுங்க. ஆனா நானும் இன்னைக்கே எல்லாத்தையும் எழுதி மெயில் பண்ணிருவேன், இவரு சொன்னது உட்பட. சேல்ஸ் ஆளு பேரோட. உங்களுக்கு மட்டுமில்ல, உங்களுக்கு மேல இருக்கறவங்களுக்கும்.”

“மேடம், அவ்வளவு தூரம் போகணுமா?”

“இந்தப் பிள்ளைங்களுக்குப் பரீட்சை வருது. குரூப் பேட்ச் போட்டுக் குடுங்க. ஒரே டிவில பாக்கறதுக்கு அனுமதி குடுங்க. எல்லாரு பேரும் பதிவு பண்ணிக்கட்டும். நான் கேக்கறது அவ்வளவுதான்.”

பின்னாலிருந்து பாக்கியம் முருகேசனிடம் சத்தமாகவே கேட்டார். “அந்தாளு என்னா சொல்றான்? ஆவும்ங்கறானா, ஆவாதுங்கறானா?”

“ரோசனை பண்ணிச் சொல்றானாம்,” என்றார் முருகேசன்.

“ஆவாதுன்னுதான் சொல்லப் போறான்,” என்றார் பாக்கியம்.

மதியம் அங்கேயே சாப்பிட்டோம். பாக்கியம் வீட்டிலிருந்து ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் வந்தது. முருகேசன் முதலில் வேண்டாம் என்றார், பிறகு இரண்டு தடவை வாங்கிக்கொண்டார். மாலைக்குள் கிளம்பிவிடுங்கள், இருட்டினால் ரோட்டில் யானை நிற்கும் என்றார்கள். கிளம்பினோம்.

6. பதில் வந்த விதம்

சொன்னபடியே எல்லாவற்றையும் எழுதி அனுப்பினேன். நான் சந்தேகப்பட்டது எப்போது, ஏன் உடனே சொல்லவில்லை, யார் என்ன பேசினார்கள் எல்லாம். அதற்குப் பதில் வரவில்லை. இரண்டு நாள் கழித்து வேறொரு மெயில் வந்தது. ‘உங்கள் அக்கவுண்ட் ஆக்டிவ் செய்யப்பட்டுள்ளது’ என்று ஒரே வரி. வருத்தம், மன்னிப்பு எதுவும் இல்லை. என்ன விசாரித்தார்கள், என்ன முடிவு செய்தார்கள் என்று இன்றுவரை எனக்கு யாரும் சொல்லவில்லை. அந்த சேல்ஸ் பையன் வேலையில் இருக்கிறானா என்று பிரவீனைக் கேட்டேன். “அது வேற டிப்பார்ட்மென்ட் மேடம்,” என்றார். போட்டோ அனுப்பியது யார் என்றும் தெரியாது. பக்கத்தில் டியூஷன் நடத்துகிறவராக இருக்கும் என்று செல்வராஜ் சொன்னான். கம்பெனிக்கு உள்ளேயே ஒருவராக இருக்கும் என்று முருகேசன் சொன்னார்.

குரூப் பேட்ச் கேட்டதற்கு அனுமதி கொடுத்தார்கள். நல்ல மனசோடு கொடுத்தார்களா, என் மெயில் இன்னும் மேலே போகாமல் இருக்கக் கொடுத்தார்களா? இரண்டாவதுதான் என்று என் சந்தேகம். கொடுத்ததை வாங்கிக்கொண்டேன். போன பிள்ளைகளில் பாதிப் பேர் என்னிடம் திரும்பி வரவில்லை. கொஞ்ச காலத்துக்கு என் எல்லாக் கிளாஸிலும் பெயர் இல்லாத ஓர் ஆள் மியூட்டில் உட்கார்ந்திருந்தார். ‘அப்சர்வர்’ என்று மட்டும் காட்டும். நான் ஒவ்வொரு நாளும் அவருக்கும் சேர்த்துக் குட் ஈவ்னிங் சொன்னேன். ஒருநாளும் பதில் வந்ததில்லை.

இளம் டியூட்டர்களுக்கு நான் சொல்வது இதுதான். இந்தத் தொழிலில் சந்தேகம் வரத்தான் செய்யும். வந்தால் உள்ளே வைத்துக்கொண்டு கண்ணி வைக்காதீர்கள். அன்றைக்கே, வெளிச்சமாக, கேட்டுவிடுங்கள். கேட்டதையும் கிடைத்த பதிலையும் அன்றைக்கே ஆபீஸுக்கு எழுதிவிடுங்கள். இருட்டுத் திரைக்குப் பின்னால் இருக்கிற பிள்ளையை முதலில் சந்தேகப்படாதீர்கள். அந்தத் திரையை இருட்டாக வைத்துக்கொள்ளச் சொன்னது யார் என்று பாருங்கள்.

குரூப் பேட்ச் ஆரம்பித்த முதல் நாள். கேமரா ஆனில் இருந்தது. கூடத்தில் பல்பு மங்கல், முன்வரிசை மட்டும்தான் தெரிந்தது. பின்னால் இருப்பவர்கள் ஒவ்வொருவராக வந்து முகத்தைக் காட்டிப் பெயர் சொல்லிவிட்டுப் போங்கள் என்றேன். வந்தார்கள். சிலர் லேப்டாப்புக்கு அவ்வளவு கிட்டத்தில் வந்தால் மூக்கு மட்டும்தான் தெரியும் என்று அறியாமல் மூக்கைக் காட்டிப் பெயர் சொன்னார்கள். கடைசியாக ஒரு பெரிய முகம் வந்தது. பாக்கியம்.

“என்னங்கம்மா, தினேஷுக்கு உடம்பு சரியில்லையா?”

“அவன் பின்னால குந்தியிருக்கான்.” தயங்கினார். “நெசமாவே நடக்குதான்னு பாக்க வந்தேன். நடக்குது. நானும் இங்கனயே ஒரு ஓரமா இருந்துக்கவா? கணக்கு வராது எனக்கு. சும்மா கேக்கறேன்.”

பேட்சில் பதிவான பெயர்களில் அவர் பெயர் இல்லை. அப்சர்வர் மியூட்டில் இருந்தார். கிளாஸ் நோட்டில் டைப் செய்தேன், ‘மாணவர் தினேஷின் தாயார் பாக்கியம் உடன் அமர்ந்திருக்கிறார். என் சம்மதத்தோடு.’ அனுப்பு என்பதை அழுத்திவிட்டு நிமிர்ந்தேன்.

“உக்காருங்கம்மா,” என்றேன். “டிவி நல்லாத் தெரியற எடமாப் பாத்து உக்காருங்க.”